கரும்புத் தோட்டத்துச் சிறு குளவியும் அதன் ஐந்து பெயர்களும்

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்னும் நம்பிக்கை தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. குருவின் அருளால் சீடன் தன் நிலை மாறுவதற்குச் சமயச் சொற்பொழிவாளர்கள் இதனையே உவமையாகக் காட்டுவர். உண்மையில் நடப்பது வேறு. மண்கூடு கட்டும் குளவி பச்சைப்புழுவைக் கொட்டி மயக்கி, கூட்டினுள் இட்டு, அதனுடன் தன் முட்டையையும் வைத்து வாயிலை அடைத்து விடுகிறது. முட்டையிலிருந்து வரும் குளவிக் குஞ்சு அப்புழுவைத் தின்று வளர்ந்து வெளிவருகிறது. உள்ளே சென்றது புழு, வெளியே வந்தது குளவி என்று பார்த்தவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள்; அவ்வளவே.

இம்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. முட்டைக்கோஸ் புழுவின் உடலைத் துளைத்து வெளிவந்து, அதன் பக்கத்திலேயே சிறு கூடுகளைக் கட்டும் குளவிகளை ஐரோப்பியரும் கண்டு திகைத்தனர். அக்கூடுகளைப் புழுவின் முட்டைகள் என்றே 1602-இல் இத்தாலிய அறிஞர் அல்ட்ரோவாண்டி எழுதினார். அவை வேறொரு பூச்சியின் பிள்ளைகள் என்பதை அதே நாட்டவரான வல்லிஸ்னேரி 1706-இல் விளக்கும் வரையில் நூறாண்டு கழிந்தது.

கண்ணால் காணத்தக்க குளவிகளைப் பற்றியே இவ்வளவு குழப்பம் இருந்ததென்றால், கண்ணுக்கே எட்டாத குளவியைப் பற்றி எவ்வளவு குழப்பம் இருந்திருக்கும்! அத்தகைய ஒரு பேரினம் டிரைக்கோகிராமா. இதைச் சேர்ந்த குளவிகள் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவினவே. இத்தாளில் அச்சாகியுள்ள ஒரு முற்றுப்புள்ளியின்மேல் ஒன்றை நிறுத்தி வைக்கலாம். இவை புழுவைத் தேடுவதில்லை. புழு பிறப்பதற்கு முன்பே, அந்துப்பூச்சியும் வண்ணத்துப்பூச்சியும் இட்டுச் சென்ற முட்டையைத் தேடுகின்றன. தாய்க்குளவி ஒரு முட்டையைக் கண்டால் அதன்மீது ஏறி நடந்து, உணர்கொம்புகளால் தட்டித் தட்டிப் பார்க்கும். பிறகு வயிற்றின் நுனியிலுள்ள ஊசியால் ஓட்டைத் துளைத்துத் தன் முட்டையை உள்ளே செலுத்தும். அந்துப்பூச்சியின் முட்டை சிறிதாயின் ஒன்று, பெரிதாயின் பல. சில நாளில் அம்முட்டை கறுத்துவிடும். உழவர்கள் பார்த்தறியக்கூடிய ஒரே அடையாளம் அதுதான். வெப்ப நாட்டில் எட்டுப் பத்து நாளில் உள்ளிருந்து வெளிவருவது புழு அன்று, குளவி. பயிரைத் தின்ன வேண்டிய பகைவன் பிறக்கவே இல்லை.

வேறொரு தாய் ஏற்கெனவே முட்டையிட்டுச் சென்ற இடத்தை இக்குளவி எப்படி அறிகிறது என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சால்ட் என்பவர் 1930-களில் ஆராய்ந்தார். முன்னவள் முட்டையின்மேல் நடந்த கால்களின் மணம் அங்கே தங்கியிருக்கிறது. அதை முகர்ந்தே பின்வருபவள் விலகுகிறாள். அந்த முட்டையை நீரில் கழுவி வைத்தால் அவளும் ஏமாந்து போவாள். அரை மில்லிமீட்டர் உடலில் இவ்வளவு நுட்பமும் அடங்கியிருக்கிறது.

இப்பேரினத்துக்குப் பெயரிட்டவர் ஆங்கிலப் பூச்சியியல் அறிஞர் ஜான் ஒபதியா வெஸ்ட்வுட். ஆண்டு 1833. பின்னாளில் ஆக்ஸ்போர்டில் விலங்கியல் பேராசிரியராக விளங்கியவர் இவர். கிரேக்க மொழியில் முதற்சொல் மயிரையும் அடுத்த சொல் கோட்டையும் குறிக்கும். இக்குளவியின் அகன்ற முன்னிறகில் நுண்ணிய மயிர்கள் சிதறிக் கிடவாமல், ஆசிரியர் கரும்பலகையில் இழுத்த கோடுகளைப்போல வரிசை வரிசையாக அமைந்திருக்கின்றன. அதைக் கண்டே வெஸ்ட்வுட் அப்பெயரைத் தந்தார். தாம் கண்ட முதல் சிற்றினத்துக்கு எவனெசென்ஸ் என்று இலத்தீனில் பெயர் சூட்டினார். மறைந்து போவது என்பது அதன் பொருள். தாம் அறியாமலே அவர் பின்வரவிருந்த வரலாற்றையே பெயராக வைத்துவிட்டார் எனலாம்.

பேரினத்தை அறிவது எளிது. இதன் குடும்பத்தைச் சேர்ந்த குளவிகளுக்குப் பாதத்தில் மூன்றே கணுக்கள். இவற்றின் உறவினமான பிற குளவிகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்கோ ஐந்தோ உண்டு. பாதக் கணுவையும் இறகின் மயிர்வரிசையையும் பார்த்தால் இது டிரைக்கோகிராமா என்று துணிந்து சொல்லிவிடலாம். ஆணின் உணர்கொம்பில் நீண்ட மயிர்கள் இருக்கும்; பெண்ணினது குறுகி, நுனியில் கதை போல் தடித்திருக்கும். இதுவரை சிக்கல் இல்லை. எந்த டிரைக்கோகிராமா என்று கேட்டால்தான் வந்தது வினை.

அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் பூச்சியியலாளர் சார்லஸ் வேலன்டைன் ரைலி 1871-இல் ஒன்றுக்கு மினூட்டம் என்றும், 1879-இல் மற்றொன்றுக்குப் பிரிட்டியோசம் என்றும் பெயரிட்டார். முன்னதற்கு மிகச் சிறியது என்று பொருள். பின்னதற்கு விலைமதிப்புள்ளது என்று பொருள். சிறியது என்பது இப்பேரினம் முழுவதற்கும் பொருந்துமாதலால் அப்பெயரால் ஒன்றும் விளங்கவில்லை. பின்னர் வந்தவர்கள் உடலின் நிறத்தையும், இறகின் மயிர் எண்ணிக்கையையும், உணர்கொம்பின் மயிர் நீளத்தையும் அளந்து புதிய பெயர்களைத் தந்துகொண்டே போனார்கள்.

அவர்களுள் ஒருவரைப் பற்றிச் சிறிது சொல்லத்தான் வேண்டும். அலெக்சாண்டர் ஆர்சேன் ஜிரோ 1911-இல் அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்குப் பணியேற்று வந்தவர். ஆயிரக்கணக்கான நுண்குளவிகளுக்குப் பெயர் தந்தார். உழைப்பில் அவருக்கு நிகர் இல்லை. ஆனால் ஒழுங்கில் குறை இருந்தது. ஒரே கண்ணாடித் தகட்டின்மேல் வெவ்வேறு பூச்சிகளை நெருக்கமாக வைத்து மூடிவிடுவார். பிற்காலத்தார் எது எதற்குரியது என்று பிரித்தறியப் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. தம் கட்டுரைகளைத் தம் பணத்திலேயே சிறு வெளியீடுகளாக அச்சிட்டு, அவற்றினிடையே செய்யுளும் எழுதிச் சேர்த்தார். ஒருமுறை மேலதிகாரியின்மேல் கொண்ட சினத்தால், வியாழன் கோளில் பிடிபட்டதாக இல்லாத ஒரு பூச்சியை வருணித்து அவர் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார்! இறுதி நாட்களில் மனநலம் குன்றி 1941-இல் காலமானார். ஜிரோ 1912-இல் ஆஸ்திரேலியாவில் கண்ட ஒரு டிரைக்கோகிராமாவுக்கு ஆஸ்ட்ராலிக்கம் என்று பெயரிட்டார். அப்பெயர் நம் கதையில் மீண்டும் வரும்.

இதற்கிடையில் குளவி அறிஞர்களின் மேசையை விட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டது. கலிபோர்னியாவில் ஸ்டான்லி ஃபிளாண்டர்ஸ் என்பவர் 1920-களின் பிற்பகுதியில் ஒரு வழி கண்டார். தானியக் கிடங்கில் எளிதில் பெருகும் அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டைகளைத் திரட்டி, அவற்றில் டிரைக்கோகிராமாவை முட்டையிடச் செய்தால் இலட்சக்கணக்கில் குளவிகளை உண்டாக்கலாம் என்று காட்டினார். செலவும் குறைவு. இச்செய்தி உலகெங்கும் பரவியது. கரும்பைத் துளைக்கும் புழுக்களால் நட்டமடைந்த நாடுகள் பலவும் இதைப் பற்றிக்கொண்டன. மைசூரில் 1930-களிலேயே கரும்புத் துளைப்பானை ஒழிக்க இக்குளவிகளை வளர்க்கும் சோதனை தொடங்கிவிட்டது. மைசூர்ச் சோதனைகளைப் பற்றி டி. வி. சுப்பிரமணியம் 1937-இல் எழுதிய கட்டுரை அச்சாகியுள்ளது.

விளைவுகள் ஊருக்கு ஊர் மாறின. ஓரிடத்தில் வெற்றி என்றனர். மற்றோரிடத்தில் ஒன்றுமில்லை என்றனர். அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்துக் கரும்பு வயல்களில் பல ஆண்டு நடந்த சோதனைகளைத் தொகுத்து 1941-இல் வெளிவந்த அறிக்கை, இக்குளவியை விடுவதால் பயனில்லை என்று முடிவு கட்டியது. எங்கும் குளவியின் பெயர் மட்டும் ஒன்றாகவே இருந்தது: மினூட்டம். இந்தியாவிலும் அதே பெயர். சிலர் அதை எவனெசென்ஸின் ஒரு பிரிவாகக் கொண்டனர். ஒரே மருந்து ஒருவரைக் குணமாக்கி மற்றவரைக் கைவிட்டால், புட்டிக்குள் இருப்பது ஒரே மருந்துதானா என்று முதலில் கேட்கவேண்டும் அல்லவா? அவ்வாறு கேட்பதற்கு அன்று வழியில்லை. கேட்டாலும் விடை சொல்ல எவரிடமும் அளவுகோல் இல்லை.

ஏன் இல்லை? முன்னோர் நம்பிய அளவுகோல்கள் ஒவ்வொன்றாக முறிந்தன. முதலில் நிறம். கலிபோர்னியாவில் ஃபிளாண்டர்ஸ் நடத்திய ஆய்வுகள், வெப்பத்தில் வளர்ந்த குளவி மஞ்சளாகவும் குளிரில் வளர்ந்தது கருமையாகவும் ஆகின்றது என்று காட்டின. ஒரே தாயின் பிள்ளைகள் கோடையில் ஒரு சிற்றினமும் குளிர்காலத்தில் மற்றொரு சிற்றினமும் ஆகிவிட முடியுமா? அடுத்து உடலின் அளவு. சிறிய முட்டையில் வளர்ந்தது சிறியது; பெரிய முட்டையில் தனியே வளர்ந்தது பெரியது. ஒரே முட்டையில் பலர் நெருக்கடியாக வளர்ந்தால் அனைவரும் குள்ளர்கள். இறகின் மயிர் எண்ணிக்கையும் உடலின் அளவோடு கூடிக் குறைந்தது.

இவற்றையெல்லாம் விஞ்சியது சால்ட் 1937-இல் வெளியிட்ட ஆராய்ச்சி. நீர்நிலைகளை ஒட்டிய செடிகளில் முட்டையிடும் ஆல்டர் ஈ என்னும் பூச்சியின் முட்டையில் வளரும் செம்பிளிடிஸ் என்ற டிரைக்கோகிராமாவின் ஆண்களுக்கு இறகே இல்லை. அதே குளவியை அந்துப்பூச்சியின் முட்டையில் வளர்த்தால் ஆண்களுக்கு நல்ல இறகுகள் முளைக்கின்றன, உணர்கொம்பும் வேறுபடுகிறது. இரண்டையும் தனித்தனியே ஒருவர் கையில் கொடுத்தால் இரண்டு சிற்றினம் என்றே அவர் எழுதி வைப்பார். அவர்மேல் குறை சொல்ல முடியாது. பிறந்த வீடு உருவத்தை மாற்றிவிடும்போது உருவத்தைக் கொண்டு குலத்தைச் சொல்வது எப்படி?

மற்றொரு தடையும் இருந்தது. இக்குளவிகளின் உடல் மிக மென்மையானது. பிற பூச்சிகளைப்போல அட்டையில் ஒட்டி உலரவிட்டால் சுருங்கி, வடிவம் கெட்டு, தூசி போலாகிவிடும். பழைய மாதிரிகள் பலவற்றின் நிலை இதுதான். பெயர் ஏட்டில் இருந்தது, பெயருக்குரியவர் இல்லை.

இந்நிலையில் ஆராய்ச்சி பெங்களூருக்கு வந்தது. உயிரியல் முறையில் பூச்சிகளைக் கட்டுப்படுத்துவதற்கான காமன்வெல்த் நிலையத்தின் இந்தியக் கிளை அங்கே 1957-இல் நிறுவப்பட்டது. அங்குப் பணியாற்றிய சுதா நாகர்கட்டி அம்மையாரும் எச். நாகராஜாவும் 1960-களில் இச்சிக்கலை எடுத்துக்கொண்டனர். அவர்கள் உருவத்திலிருந்து தொடங்கவில்லை, திருமணத்திலிருந்து தொடங்கினார்கள். அதாவது, ஆஸ்ட்ராலிக்கம் என்று அப்போது இந்தியாவில் அழைக்கப்பட்ட குளவி, எவனெசென்ஸ், மினூட்டம் ஆகிய மூன்றையும் தனித்தனியே வளர்த்து, ஒன்றன் ஆணையும் மற்றொன்றன் பெண்ணையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

குளவிகளில் இச்சோதனைக்கு ஓர் அரிய வசதி உண்டு. கருவுற்ற முட்டையிலிருந்து பெண் பிறக்கும். கருவுறாத முட்டையிலிருந்தும் குஞ்சு பிறக்கும், ஆனால் அது ஆணாகவே இருக்கும். ஆதலால் தாய்க்குப் பெண்மக்கள் பிறந்தனரா என்று பார்த்தாலே போதும். பெண் பிறந்தால் கலப்பு நிகழ்ந்தது. பிறந்தவை அனைத்தும் ஆணாயின் இருவரும் வேற்றுக் குலத்தவர் என்று ஐயுறலாம். 1968-இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை, இம்மூன்றும் தம்முள் கலவாத வெவ்வேறு சிற்றினங்கள் என்று காட்டியது. ஒன்றாக எண்ணி உலகெங்கும் அனுப்பப்பட்டவை ஒன்றல்ல என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

ஆயினும் ஒவ்வொரு குளவிக்கும் மணம் முடித்துப் பார்த்து இனம் சொல்ல முடியுமா? இறந்து தகட்டில் இருப்பதை என்ன செய்வது? உருவத்தில் அடையாளம் வேண்டும். அந்த அடையாளத்தை அவர்கள் ஆணின் இனப்பெருக்க உறுப்பில் கண்டார்கள். வயிற்றின் நுனியினுள் அடங்கியுள்ள மிகச் சிறிய உறுப்பு அது. குளவியைக் காரக் கரைசலில் இட்டுத் தசையை நீக்கி, கண்ணாடித் தகட்டில் பதித்து, உயர்ந்த உருப்பெருக்கத்தில் பார்த்தால் ஓர் உறை தெரியும். அதன் மேற்புறத்தில் ஒரு மூடி போன்ற தகடு, இருபுறமும் இடுக்கி போன்ற உறுப்புகள், நடுவில் ஒரு கூர்நீட்சி, உள்ளே ஆண்குறி. இவற்றின் வடிவமும், ஒன்றுக்கொன்று உள்ள நீள விகிதமும் சிற்றினத்துக்குச் சிற்றினம் வேறுபட்டன. இந்தியக் கரும்புக் குளவியில் அம்மேல்தகடு முக்கோண வடிவினது. வெப்பமோ குளிரோ, பெரிய முட்டையோ சிறிய முட்டையோ அவ்வடிவைப் பெரிதும் மாற்றவில்லை. மணச் சோதனையில் வேறு என்று தெரிந்தவை இங்கும் வேறாகவே இருந்தன. இரண்டு சாட்சிகள் ஒத்துப்போயின.

1971-இல் பழைய சிற்றினங்கள் சிலவற்றை இம்முறையில் மீண்டும் வருணித்து வெளியிட்டனர். 1973-இல் அமெரிக்கக் கண்டத்துச் சிற்றினங்கள் சிலவற்றுக்கு அடையாள அட்டவணையும், நான்கு புதிய சிற்றினங்களின் வருணனையும் தந்தனர். அமெரிக்கக் குளவிகளை இனம் பிரிக்கும் திறவுகோல் பெங்களூரில் வார்க்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். அதன்பின் இப்பேரினத்தைப் பற்றி எழுதிய எவரும் ஆணின் உறுப்பைக் காட்டாமல் எழுதுவது அரிதாயிற்று. கலிபோர்னியாவின் ஜான் பின்டோ வட அமெரிக்கச் சிற்றினங்களைப் பற்றி 1990-களின் இறுதியில் வெளியிட்ட பெருநூலும் இந்த அடித்தளத்தின்மேல் எழுந்ததே. இன்று இப்பேரினத்தில் இருநூறுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் பெயரிடப்பட்டுள்ளன.

இந்தியக் கரும்புக் குளவியின் கதை அத்துடன் முடியவில்லை. அது மினூட்டம் அன்று; எவனெசென்ஸும் அன்று. ஆஸ்ட்ராலிக்கம் என்று அழைத்து வந்தார்கள். ஆனால் ஜிரோ பெயரிட்ட ஆஸ்ட்ராலிக்கமும் அன்று என்று தெரியவந்தது. பெயரற்று நின்ற அதற்கு இத்தாலியரான விஜ்ஜியானி 1976-இல் கன்ஃப்யூசம் என்று பெயர் தந்தார். குழம்பியது என்று பொருள்! இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. பாவம், அதுவும் நிலைக்கவில்லை. ஜப்பானிய அறிஞர் இஷீ 1941-இலேயே இக்குளவிக்குக் கைலோனிஸ் என்று பெயரிட்டிருந்தார் என்பதை நாகராஜாவும் நாகர்கட்டியும் 1979-இல் நிலைநாட்டினர். தண்டு துளைக்கும் அந்துப்பூச்சிகளின் பேரினமான கைலோ என்பதன் அடியாகப் பிறந்த பெயர் அது. விலங்குகளுக்குப் பெயரிடும் விதிப்படி முந்திய பெயருக்கே உரிமை. எனவே குழம்பியது நீங்கிக் கைலோனிஸ் நின்றது. ஐம்பது ஆண்டுக்கும் குறைந்த காலத்தில் ஒரே பூச்சிக்கு ஐந்து பெயர்கள்.

பெயர் என்பது ஏட்டறிஞர்களின் பொழுதுபோக்கு, குளவி வேலை செய்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வேலை செய்வது எது என்று தெரிந்தால்தானே அதையே மீண்டும் வாங்க முடியும்? ஒவ்வொரு சிற்றினத்துக்கும் விருப்பமான முட்டையும் பயிரும் வேறு. நெல்லின் தண்டு துளைப்பான் முட்டைகளைத் தேடுவது ஜப்பானிக்கம் என்னும் சிற்றினம். தமிழ்நாட்டில் கரும்பின் இடைக்கணுப் புழுவுக்கு எதிராக விடப்படுவது கைலோனிஸ். அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளைப் புறஊதா ஒளியால் உயிரற்றதாக்கி, அட்டையில் ஒட்டி, குளவிகளை அவற்றில் முட்டையிடச் செய்கின்றனர். கறுத்த முட்டைகளைத் தாங்கிய அந்த அட்டைத் துண்டுகளை உழவர்கள் கரும்பின் சோகையில் கட்டிவிடுகின்றனர். நான்காம் மாதம் தொடங்கிப் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாக ஆறு தடவை கட்டவேண்டும். ஒரு தடவைக்கு எக்டேருக்கு இரண்டரை கன சென்டிமீட்டர் முட்டை என்பது கணக்கு. அட்டையில் தவறான சிற்றினம் இருந்தால் உழவனுக்குப் பணமும் போகும், கரும்பும் போகும். குளவியால் பயனில்லை என்ற கெட்ட பெயரும் மிஞ்சும். மினூட்டம் என்ற ஒரே பெயரின்கீழ் நடந்த பழைய சோதனைகளை இன்று எடுத்து ஒப்பிட முடியாமற் போனதற்கும் இதுவே காரணம். எதை விட்டார்கள் என்றே தெரியாதபோது எதனால் தோற்றார்கள் என்று எப்படிச் சொல்வது?

ஆணின் உறுப்பே அடையாளம் என்று ஆனபின் ஒரு புதிய சங்கடம் தோன்றியது. டிரைக்கோகிராமாவின் சில குடிகளில் ஆணே இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பெண்களையே ஈன்று வந்தனர். ஆண் இல்லாத குடியின் குலத்தை யார் சொல்வது? 1990-இல் ஸ்டவுத்தாமரும் அவருடைய தோழர்களும் அத்தகைய பெண்களுக்குத் தேனில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கலந்து ஊட்டினார்கள். அவற்றின் வழித்தோன்றல்களில் ஆண்கள் பிறந்தன. தாயின் உடலில் வாழ்ந்து முட்டை வழியே மகளுக்குச் செல்லும் வொல்பாக்கியா என்ற நுண்ணுயிர்தான் ஆண்களைத் தோன்றவிடாமல் செய்து வந்தது. மருந்தால் அது ஒழிந்ததும், மறைந்திருந்த ஆண்கள் வெளிப்பட்டார்கள். அவ்வாண்களைத் தகட்டில் ஏற்றிப் பார்த்துக் குடியின் பெயரைச் சொல்ல முடிந்தது.

1990-களின் இறுதியிலிருந்து டி.என்.ஏ.யின் ஒரு சிறு பகுதியைப் படித்தே சிற்றினத்தை அறியும் முறையும் வந்துவிட்டது. பெண் ஒன்று கிடைத்தாலும் போதும். கறுத்த முட்டை ஒன்று கிடைத்தாலும் போதும். ஆனால் ஒரு டி.என்.ஏ. வரிசை எந்தப் பெயருக்கு உரியது என்பதை முதன்முதலில் நிச்சயிக்க, பெயர் தெரிந்த ஒரு குளவியிலிருந்து அதை எடுத்தாக வேண்டும். அக்குளவியின் பெயரைச் சொல்வது, கண்ணாடித் தகட்டின்மேல் இருக்கும் ஓர் ஆணின் வயிற்று நுனிதான்.